போய்ச் சேர வேண்டிய இடம்

மனித நொதி ஒன்று ஆய்வகத்துக்கு வந்து இறங்கும்போது கண்ணுக்கு ஏறத்தாழ எதுவும் தெரியாது. உலர்பனி அடைத்த தெர்மோகோல் பெட்டி. அதற்குள் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாயின் அடியில் பத்து மைக்ரோகிராம் புரதம் கரைந்திருக்கும் சிறு துளி. அது என்ன, எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் கூட வரும் தாள்தான் சொல்லும். அமினோ அமில வரிசை மனிதருடையது. அதைச் செய்து கொடுத்தது சீன வெள்ளெலியின் சூலகச் செல், அல்லது சுண்டெலியின் புற்றுச் செல். பிரித்தெடுக்க வசதியாக வால்நுனியில் சில ஹிஸ்டிடின்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒரு மைக்ரோகிராம் நொதி ஒரு நிமிடத்தில் எத்தனை பிகோமோல் வேலை செய்யும் என்று கணக்கு இருக்கும். கடைசி வரி தடித்த எழுத்தில்: ஆய்வுக்கு மட்டும், மனித உடலில் செலுத்தக் கூடாது.

மனித உடலின் வரிசையைக் கொண்டு செய்த பொருள், எந்த மனித உடலுக்குள்ளும் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு வருகிறது. பாதுகாப்புக்கான விதி அது, சரியான விதிதான். ஆனாலும் அந்தத் தாளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. இந்த மூலக்கூறு போய்ச் சேர வேண்டிய இடம் எது? குளூக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதியின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வியின் வரலாறுதான் என்று நினைக்கிறேன். அறுபது ஆண்டுகளாக அறிவியல் அதனிடம் போராடிக்கொண்டிருப்பது அதைச் செய்வதற்காக மட்டுமில்லை. அதைச் சேர்ப்பிப்பதற்காகத்தான் பாடு அதிகம்.

நம் உடலில் நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் வயது முடிந்து அழிகின்றன. அவற்றை விழுங்கிச் செரிப்பவை மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கும் பெருவிழுங்கிகள் என்ற செல்கள். விழுங்கிய சவ்வுகளில் குளூக்கோசைச் சுமந்த ஒரு கொழுப்பு இருக்கிறது. பெருவிழுங்கியின் உள்ளே லைசோசோம் என்ற அமிலப் பையில் குளூக்கோசெரிப்ரோசிடேஸ் காத்திருந்து அந்தக் குளூக்கோசை வெட்டிவிடுகிறது. 497 அமினோ அமிலங்களால் ஆன நொதிக்கு வேலை அவ்வளவுதான். அந்த வெட்டு நடக்காதவர்களுக்குக் கொழுப்பு தேங்குகிறது. மண்ணீரல் வீங்கி வயிறு முன்னே தள்ளுகிறது. தட்டணுக்கள் குறைந்து, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறது. எலும்பு வலிக்கிறது, முறிகிறது. பிள்ளைகள் வளர மறுக்கிறார்கள். 1882இல் பாரிஸில் மருத்துவ மாணவராக இருந்த பிலிப் கோஷே, 32 வயதுப் பெண் ஒருவரின் பெருத்த மண்ணீரலில் விசித்திரமான பெரிய செல்களைப் பார்த்தார். புற்று என்று கருதித் தம் ஆய்வேட்டில் எழுதினார். நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் நிலைக்கவில்லை.

குறைவது இந்த நொதிதான் என்று அமெரிக்காவில் பெதஸ்டாவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரோஸ்கோ பிரேடியும் சகாக்களும் 1965இல் காட்டினார்கள். காரணம் தெரிந்ததும் தீர்வும் தெரிந்தது போலத்தான் இருந்தது. இல்லாததைக் கொடுத்துவிட வேண்டியதுதானே! கொடுக்க வேண்டுமென்றால் மனித நொதி வேண்டும். அதற்கு மனிதத் திசு வேண்டும், அதுவும் நிறைய. பிரேடியின் குழு நஞ்சுக்கொடியைத் தேர்ந்தது. பிரசவ அறைகளில் தினமும் கிடைக்கும், எவரிடமிருந்தும் வெட்டி எடுக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் அதை மண்ணில் ஆழப் புதைப்பார்கள். மாட்டின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். பிறப்போடு வந்ததைக் கண்ட இடத்தில் எறியக் கூடாது என்ற மரியாதை அதில் இருக்கிறது. பெதஸ்டாவில் அதை அரைத்து, கரைத்து, வடித்து, மில்லிகிராம் கணக்கில் நொதியைப் பிரித்தார்கள். அதுவும் ஒரு மரியாதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1974இல் இரண்டு நோயாளிகளுக்குச் செலுத்தியதன் முடிவுகள் வெளியாயின. கல்லீரலில் தேங்கிய கொழுப்பு ஏறக்குறைய கால்பங்கு குறைந்திருந்தது. நம்பிக்கை பிறந்தது. பிறகு அதிக அளவில் நொதியைப் பிரிக்கும் புதிய முறை வந்தது. அதைக் கொண்டு செய்த சோதனைகளில் நம்பிக்கை தளர்ந்தது. நொதி நல்ல நொதிதான், குழாயில் போட்டால் வெட்டியது. உடலுக்குள் போனால் பலன் நிலையாக இல்லை. ஏன்?

நொதி தவறான வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்லீரலில் பெரும்பான்மை கல்லீரல் செல்கள், பெருவிழுங்கிகள் சிறுபான்மை. செலுத்திய நொதியில் பெரும்பகுதியைக் கல்லீரல் செல்களே எடுத்துக்கொண்டன. தேவைப்பட்ட பெருவிழுங்கிகளுக்குக் கிடைத்தது சொற்பம். இந்த விநியோகத்தை முடிவு செய்தது புரதத்தின் அமினோ அமில வரிசை இல்லை. அதன் மேல் கிளைவிட்டுத் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகள். மனித நொதியில் நான்கு இடங்களில் அப்படிச் சங்கிலிகள் ஒட்டியிருக்கின்றன. கடிதத்துக்கு மேலுறை போல, புரதத்துக்கு அந்தச் சங்கிலியின் கடைசிச் சர்க்கரைதான் முகவரி. கேலக்டோசில் முடிந்தால் கல்லீரல் செல் பிடித்துக்கொள்ளும். மானோஸ் வெளியே தெரிந்தால் பெருவிழுங்கி பிடித்துக்கொள்ளும். ஈஸ்ட், பாக்டீரியா போன்றவற்றின் மேற்புறச் சர்க்கரையை அடையாளம் கண்டு விழுங்குவதற்காகப் பெருவிழுங்கி வைத்திருக்கும் ஏற்பி அது.

பிரேடியின் குழுவினர் மூன்று நொதிகளைக் கொண்டு அந்தச் சங்கிலியை நுனியிலிருந்து வரிசையாகக் கத்தரித்தார்கள். சியாலிக் அமிலம் போனது, கேலக்டோஸ் போனது, அதன் கீழிருந்த இன்னொரு சர்க்கரையும் போனது. மானோஸ் வெளியே வந்தது. இந்த நோயின் கதையில் நான் மிக அதிகமாக வியக்கும் இடம் இதுதான். புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை. முகவரியைத் திருத்தினார்கள், அவ்வளவே. 1980களில் அந்தத் திருத்திய நொதியைப் பெற்ற ஒரு சிறுவனுக்கு இரத்த அளவு ஏறியது. 1991இல் 12 நோயாளிகளின் முடிவுகள் வந்தன, அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அரசு மருந்தாக ஏற்றது. ஜென்சைம் நிறுவனம் அதை செரெடேஸ் என்ற பெயரில் விற்றது.

ஒரு நோயாளிக்கு ஓராண்டு செரெடேஸ் கொடுக்க ஏறக்குறைய 20,000 நஞ்சுக்கொடிகள் தேவைப்பட்டன. இந்த எண்ணிக்கையை வேகமாகக் கடந்து போக என்னால் முடியவில்லை. இருபதாயிரம் பிரசவங்கள். அத்தனை பெண்களின் வலியும் உழைப்பும் முடிந்த பின் மிஞ்சியது, முன்பின் தெரியாத ஒருவரின் ஓராண்டு உயிர். பிரான்சின் மெரியூ நிறுவனம் பிரசவ மருத்துவமனைகளிலிருந்து நஞ்சுக்கொடிகளைத் திரட்டி உறைய வைத்துப் பதப்படுத்தியது. அந்தத் தாய்மார்களில் ஒருவர் பெயரும் எந்த மருந்துப் புட்டியிலும் இல்லை. தங்களிடமிருந்து போனது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எத்தனை நஞ்சுக்கொடிகளைத் திரட்டினாலும் உலகத்தின் கோஷே நோயாளிகள் எல்லோருக்கும் போதாது. எய்ட்ஸ் அச்சம் பரவியிருந்த காலத்தில் மனிதத் திசுவிலிருந்து எடுக்கும் எதைக் குறித்தும் கவலை இருந்தது. அதற்குள் நொதியின் மரபணுவைப் படியெடுத்துவிட்டிருந்தார்கள். அதை வேறொரு செல்லுக்குள் நுழைத்து, அந்தச் செல்லையே செய்ய வைக்கலாம். பாக்டீரியாவுக்குள் நுழைத்தால் மலிவு. ஆனால் இந்த வேலைக்கு வழக்கமாக எடுக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குச் சர்க்கரைச் சங்கிலி பின்னத் தெரியாது. சங்கிலி இல்லாத குளூக்கோசெரிப்ரோசிடேஸ் ஒழுங்காக மடிவதும் கடினம், மடிந்தாலும் அதற்கு முகவரி இல்லை. சர்க்கரை பின்னத் தெரிந்த ஒரு செல் வேண்டியிருந்தது.

அப்படி ஒன்று 1957 முதல் ஆய்வகங்களில் இருந்தது. 1948இல், உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், சீனாவிலிருந்து சில வெள்ளெலிகள் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. அந்த வம்சத்துப் பெண் வெள்ளெலி ஒன்றின் சூலகத்திலிருந்து டென்வரில் தியோடர் பக் எடுத்து வளர்த்த செல்கள் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. இன்று உலகில் விற்கும் புரத மருந்துகளில் மிகப் பெரும் பங்கு அந்தச் செல்களின் சந்ததியில்தான் உருவாகிறது. 1994இல் வந்த செரிசைமும் அதில்தான் பிறந்தது. வெள்ளெலிச் செல் பின்னிய சங்கிலியையும் மறுபடி மூன்று கட்டமாகக் கத்தரித்து மானோஸைக் காட்டினார்கள். நஞ்சுக்கொடியிலிருந்து வந்த நொதிக்கும் இதற்கும் 495ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் வேறு: ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின். நோயாளியின் உடல் அதைப் பொருட்படுத்தவில்லை. மனிதருடையது என்று நாம் எழுதி வைக்கும் எல்லையை அந்த உடல் அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை போலும்.

பிறகு இன்னும் இரண்டு வந்தன. 2010இல் வந்ததை மனிதச் செல்லிலேயே செய்தார்கள். அந்தச் செல்வரிசை ஒரு மனிதரின் எலும்புப் பக்கத்துக் கட்டியிலிருந்து வளர்த்தெடுத்தது. ஒருவரைக் கொல்ல வந்த செல் பலரைக் காக்கும் நொதியைச் சுரக்கிறது. 2012இல் வந்தது கேரட் செல்லில் செய்தது. இஸ்ரேலின் கர்மியேலில் பெரிய பிளாஸ்டிக் பைகளில் கேரட் செல்கள் மிதந்து நொதியைச் செய்கின்றன. தாவரச் செல்லின் சங்கிலி மானோஸை ஏற்கெனவே வெளியே காட்டிக்கொண்டிருப்பதால் கத்தரிக்க வேண்டியதே இல்லை. தாவரச் செல்லில் செய்து மனிதருக்குச் செலுத்த அமெரிக்க அனுமதி பெற்ற முதல் புரத மருந்து அது.

இந்த மூன்றில் கேரட் நொதியே என் மனதில் தங்கிவிட்டது. பரிணாமத்தில் நமக்கும் கேரட்டுக்கும் இருக்கும் தூரம் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். மனித நஞ்சுக்கொடியின் நொதியை வெட்டித் திருத்தித்தான் மனிதப் பெருவிழுங்கியிடம் சேர்க்க முடிந்தது. கேரட்டின் நொதி நேராகப் போய்ச் சேர்கிறது. நெருங்கிய உறவில் பிறந்ததுதான் ஒத்துப்போகும் என்ற நம் எண்ணத்துக்கு உடலில் ஆதாரம் தேடினால் இப்படி ஏமாற்றமே கிடைக்கும். நல்ல ஏமாற்றம்.

2009 ஜூனில் பாஸ்டனின் ஆல்ஸ்டன் பகுதியிலிருந்த செரிசைம் ஆலையில் வெள்ளெலிச் செல்களை ஒரு வைரஸ் தாக்கியது. மனிதருக்குத் தீங்கில்லாத வைரஸ்தான், ஆனால் செல்கள் வளரவில்லை. ஆலையை மூடிச் சுத்தம் செய்தார்கள். உலகம் முழுக்க நோயாளிகளுக்கு மருந்து குறைந்தது, அளவைக் குறைத்தார்கள், சிலருக்கு நிறுத்தினார்கள். பல நாடுகளின் மண்ணீரல்கள் ஒரே ஒரு கட்டடத்தின் தொட்டிகளை நம்பி இருந்தது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அனுமதிக்காகக் காத்திருந்த மற்ற இரு நொதிகளையும் அனுமதிக்கு முன்பே தனி ஏற்பாட்டில் நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மருந்து தொட்டியில் நிறைந்திருந்தாலும் விலை அதை எல்லோரிடமும் சேரவிடுவதில்லை. இரு வாரத்துக்கொரு முறை, வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டிய மருந்து. டெல்லியில் ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒரு தந்தையின் ஏழு வயது மகனுக்குக் கோஷே நோய். உடன்பிறந்தோரை அதே நோய் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. மாதச் செலவு லட்சக்கணக்கில். வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏழை என்பதற்காக மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்ற நிலையை எடுத்து, அந்தப் பிள்ளைக்கு எய்ம்ஸில் தொடர்ந்து மருந்து கிடைக்க அரசு பணம் தர வேண்டும் என்று 2014 ஏப்ரலில் நீதிபதி மன்மோகன் உத்தரவிட்டார். 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. 2022இல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று உயர்த்தினார்கள். நல்ல தொடக்கம்தான். ஆயுள் முழுக்க வேண்டிய மருந்துக்கு உச்சவரம்பு போட்ட தொகை என்பது, பிள்ளை வளர வளர எடைக்கேற்ப மருந்தும் கூடும் என்பதை மறந்த கணக்கு. இந்தக் கணக்கு மாறியே ஆக வேண்டும்.

விலை சரியானாலும் இன்னொரு இடம் எட்டாமல் இருக்கிறது: மூளை. இரத்தநாளத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் நொதி பெரிய மூலக்கூறு, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலிருக்கும் தடுப்பை அது தாண்டுவதில்லை. நரம்பைத் தாக்கும் கோஷே வகைகளில் மண்ணீரல் சுருங்கும், பிள்ளை விளையாடத் தொடங்கும், மூளையின் சேதமோ தன்போக்கில் தொடரும். இங்கேதான், மனிதருக்குச் செலுத்தக் கூடாத அந்தச் சிறு குழாய்க்கு வருகிறேன்.

ஆய்வகத்தில் இந்த நொதியோடு செய்யும் அடிப்படைச் சோதனை எளியது, பார்க்க அழகானது. லைசோசோமைப் போல லேசான அமிலக் கரைசலில் நொதியை விட்டு, பித்த உப்பு சேர்த்து, குளூக்கோசோடு கட்டிய ஒரு செயற்கை மூலக்கூறைக் கொடுக்கிறார்கள். கட்டியிருக்கும் வரை அது இருட்டாக இருக்கும். நொதி குளூக்கோசை வெட்டிவிட்டால், புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். எவ்வளவு நீலமோ அவ்வளவு வேலை. இந்த நீலத்தை வைத்து ஒரு மருந்து நொதிக்குக் கைகொடுக்கிறதா, தடுக்கிறதா என்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பொருட்களைக் கேட்டுவிடலாம்.

டொரோண்டோவில் ஓர் ஆய்வுக் குழு அப்படிக் கேட்டது. கோஷே நோயாளிகளில் பலரிடம் நொதி உருவாகாமல் இல்லை. உருவாகிறது, சரியாக மடிவதில்லை. செல்லின் தரப் பரிசோதனை அதைக் குறைப்பொருள் என்று பிடித்து லைசோசோமுக்கு அனுப்பாமலே அழித்துவிடுகிறது. இங்கேயும் பிரச்சினை போய்ச் சேராததுதான். மடியும் நேரத்தில் தாங்கிப் பிடித்து, லைசோசோமுக்குள் போனதும் விட்டுவிடும் சிறு மூலக்கூறு ஒன்று வேண்டும். ஏற்கெனவே புழக்கத்திலிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை எடுத்து, சூடாக்கும்போது நொதி குலையாமல் காப்பது எது என்று சலித்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வில் தேறியது ஆம்பிராக்சால். நம் ஊரின் எந்த மருந்துக்கடையிலும் இருக்கும் இருமல் மருந்து. நடுநிலைக் கரைசலில் நொதியை இறுகப் பிடிக்கிறது, அமிலத்துக்குள் போனதும் விட்டுவிடுகிறது. கேட்டது அப்படியே கிடைத்தது.

ஆம்பிராக்சாலின் வம்சாவளி நம் வீட்டுக் கொல்லைக்குத் திரும்புகிறது. அது புரோம்ஹெக்சின் என்ற மருந்து உடலில் சிதையும்போது உண்டாகும் பொருள். புரோம்ஹெக்சினை, ஆடாதோடை இலையிலிருக்கும் வாசிசின் என்ற காரப்பொருளை மாதிரியாக வைத்து உருவாக்கினார்கள். சளிக்கும் இளைப்புக்கும் நம் பாட்டிமார் ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தது தலைமுறை தலைமுறையாக. சித்தர்கள் கோஷே நோயை அறிந்திருந்தார்கள் என்று யாராவது இதை நீட்டிப் பேசினால் அது பொய். நுரையீரல் சளியைத் தளர்த்தும் ஒரு மூலக்கூறு, வேறொரு செல்லுக்குள் வேறொரு புரதத்தைத் தாங்கவும் செய்கிறது என்பது மட்டுமே உண்மை. அந்த உண்மைக்கு அலங்காரம் தேவையில்லை.

ஆம்பிராக்சால் சிறிய மூலக்கூறு, மூளைக்குள் போகிறது. ஜப்பானில் நரம்புவகைக் கோஷே நோயாளிகள் ஐவருக்கு உயர்ந்த அளவில் கொடுத்துப் பார்த்ததன் முடிவுகள் 2016இல் வெளிவந்தன. நரம்புக் குறிகளில் முன்னேற்றம் தெரிந்தது. மறுபக்கம், இதே மரபணுவின் பிறழ்வு பார்க்கின்சன் நோயோடு சேர்ந்து வருவதை, 5,000க்கும் மேற்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளை வைத்துச் செய்த பன்னாட்டு ஆய்வு 2009இல் உறுதிசெய்திருந்தது. கோஷே நோயாளிகளிடமும் அவர்கள் குடும்பத்து முதியவர்களிடமும் நடுக்கத்தைக் கவனித்த மருத்துவர்களின் கண்ணில்தான் அது முதலில் பட்டது. பிறழ்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லண்டனில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஆம்பிராக்சால் கொடுத்த சிறு சோதனை 2020இல் வெளியானது, மருந்து தண்டுவட நீரை எட்டியது. அவர்கள் கொடுத்தது நாளொன்றுக்கு 1.26 கிராம். இருமலுக்குப் பெரியவர்கள் எடுப்பது வழக்கமாக 90 மில்லிகிராம். பதினான்கு மடங்கு. இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் சிரப் வாங்கி நடுக்கத்துக்குக் குடிக்க வேண்டாம். பெரிய சோதனைகள் முடியும்வரை இது மருத்துவர் கண்காணிப்பிலான ஆய்வு மட்டுமே.

எந்த உடலுக்கும் போகாமல் ஆய்வகக் குழாயிலேயே சோதிக்கப்பட்ட நொதிதான் இந்த வழியைக் காட்டியது. ஆனால் அந்தக் குழாயைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. ஆய்வுப்பொருள் பட்டியல்களில் பெரும்பாலும் கிடைப்பது நலமான வரிசை, நோயற்றவரின் நொதி. இந்திய நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் பிறழ்வு 444ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் வருவது. புரோலின், புரதச் சங்கிலியை வளைத்துவிடும் அமினோ அமிலம். அந்த நொதி சரியாக மடியாது. மடியாததைச் சுத்தமாகப் பிரித்தெடுத்துக் குழாயில் அடைத்து விற்பதும் கடினம். எந்த வரிசைக்கு மருந்து தேட வேண்டுமோ அந்த வரிசை குழாயில் தங்குவதில்லை. நரம்பைத் தாக்கும் வகையில் மிகுதியாக இருப்பதும் இந்தப் பிறழ்வுதான்.

அதனால் நோயாளியின் தோலிலிருந்து அரிசி அளவு திசு எடுத்து, அதிலிருந்து செல்களை வளர்த்து, மருந்தை அவற்றுக்குக் கொடுத்துவிட்டுப் பின்பு உடைத்து நீலத்தை அளக்கிறார்கள். ஒரே பிறழ்வு உள்ள இருவரின் செல்கள் ஆம்பிராக்சாலுக்கு ஒரே அளவில் இணங்குவதில்லை. ஒருவரின் செல்லில் நொதியின் வேலை கூடுகிறது, இன்னொருவரின் செல்லில் அசைவே இல்லை. எது காரணம் என்று கண்டுபிடிக்க இந்த நாட்டுப் பிள்ளைகளின் செல்கள் இந்த நாட்டு ஆய்வகங்களின் உறைகலன்களில் இருக்க வேண்டும். செல்லைத் தரும் குடும்பத்திடம், அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அதை வைத்து என்ன தெரிந்தது என்று ஆண்டுக்கொரு முறையாவது அவர்கள் மொழியில் எழுதிச் சொல்ல வேண்டும்.